ஹவா மாஃபி

குவைத்தில் ஜனவரி மாதம் இட்லி மாவு புளிக்காது. அப்போதெல்லாம் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, தூங்குகிற குழந்தையின் பக்கத்தில் படுக்க வைப்பேன். ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். வளைகுடா என்றால் வெயில்தானே! பாளையங்கோட்டையில் எங்களுக்குச் சுவர் என்பது வெயிலை மறைக்க. குளிரைத் தடுக்கவும் சுவர் வேண்டும் என்று அங்கே ஒருவரும் யோசித்ததில்லை.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் மங்காஃபில் ஒரு பழைய மண் வீட்டில் குடியிருந்தோம். என் கணவர் கட்டுமானக் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன்; நான் பள்ளிக்கூட டீச்சர். எங்கள் மகள் சுதாவுக்கு ஒன்றரை வயது. குளிர் தொடங்கியதும் அவளுக்கு இளைப்பு வந்துவிட்டது. மூச்சு விடும்போது நெஞ்சுக்குழி உள்ளே போய் வரும். மண்ணெண்ணெய் ஹீட்டரை நாள் முழுவதும் எரித்தும் சுவர் சில்லென்றே இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை என் கணவர், சைட்டில் மிஞ்சிய தெர்மோகோல் பலகைகளையும் பிளாஸ்டிக் தாளையும் கொண்டுவந்து, மரச்சட்டம் அடித்து, உள்சுவர் முழுவதையும் மூடினார். அன்றே அறை கதகதப்பானது. சுதாவும் நன்றாகத் தூங்கினாள்.

வீட்டுக்காரர் அபு ஹமத் வந்து பார்த்தார். பிளாஸ்டிக்கைத் தட்டித் தலையை ஆட்டி, "ஹவா மாஃபி! ஹவா மாஃபி!" என்றார். காற்றே இல்லை என்கிறார். இந்தி தெரிந்த என் கணவருக்கு அது, குளிர்காற்று உள்ளே வராது என்ற பாராட்டாகப் பட்டது.

"ஆமா பாய், ஹவா மாஃபி. அச்சா!" என்று சிரித்தார்.

"என்னங்க, அவர் முகம் சரியில்லையே?"

"சுவத்துல ஆணி அடிச்சோம்லா, அதான்."

பிப்ரவரியில் மழை பெய்தது. வெளியே நனைந்தால் அந்தச் சுவர் முன்பெல்லாம் உள்பக்கமும் உலரும். இப்போது ஈரம் போக வழியில்லை. ஹீட்டரின் ஆவியும் இடுக்குகளில் நுழைந்து பின்னால் தங்கியது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு வாடைதான். சுதாவின் இளைப்பு முன்னைவிட மோசமானது. ஒரு மத்தியானம் பிளாஸ்டிக் உப்பி, ஆணிகளோடு பெயர்ந்து விழுந்தது. பின்னால் கறுப்பாகப் பூஞ்சை. மண் சேறாகக் கட்டிலில் சரிந்தது. நல்லவேளை, சுதா என் இடுப்பில் இருந்தாள்.

அபு ஹமத் வந்து சேற்றைத் தொட்டார். பிறகு தன் நெஞ்சில் கைவைத்து மூச்சை இழுத்து விட்டுக் காட்டினார். சுவருக்குக் காற்று வேண்டும் என்றுதான் அன்றைக்குக் கத்தியிருக்கிறார். "கலாஸ்", முடிந்தது, என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"இந்த ஈரத்துல பிள்ளைய வைக்காதீங்க" என்றார் டாக்டர். வேறு வீடு கிடைக்கும்வரை என்று சொல்லி, சுதாவை ஊரில் என் அக்காவிடம் விட்டுவந்தேன். சிமெண்ட் ஃபிளாட் சீக்கிரமே கிடைத்தது. "இந்தக் குளிர் போகட்டுமே" என்றார் என் கணவர். அடுத்த குளிரிலும் அதையேதான் சொன்னோம். ஊரிலும் அவளுக்கு இளைப்பு நிற்கவில்லை. ஆனால் மூச்சு முட்டும்போது அவள் கூப்பிடுவது அக்காவைத்தான். பிறகு பள்ளிக்கூடத்திலும் சேர்த்துவிட்டார்கள். அழைத்துவரும் பேச்சை எங்களில் யாரும் எடுப்பதில்லை.

சென்ற லீவில் கையை நீட்டி, "சுதா, அம்மாட்ட வா" என்றேன்.

"அம்மா அடுக்களைல இருக்கா. நீங்க குவைத் அம்மா" என்றாள்.

மத்தியானம் அக்காவுக்கும் எனக்கும் நடுவே படுத்துத் தூங்கினாள். ஒரு கால் என் மேல் கிடந்தது. கை, அக்காவின் சேலை முந்தியை இறுகப் பிடித்திருந்தது. நான் அசையாமல் படுத்திருந்தேன்.