தும்மலும் பதினைந்து நொடியும்

மிளகாய் வரும் மாசத்தில் கமுதிப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து கணினி வேலை பார்க்கலாம் என்று நினைப்பவளுக்குப் புத்தி மட்டு. நினைத்தவள் நான்தான். முன்னறையில் பாதியை வத்தல் மூட்டைகள் பிடித்திருந்தன. மீதிப் பாதியில் நானும் என் லேப்டாப்பும்.

அம்மா இறந்து அய்யா தனியாளான முதல் வருஷம் அது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று சென்னை அலுவலகத்தில் கேட்டிருந்தேன். அன்றைக்குப் பதினோரு மணிக்கு மேனேஜர் அங்கிருந்தே என் திரையைப் பார்ப்பார். ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பிக் காட்ட வேண்டும். சரியாக வந்தால் இங்கேயே இருக்கலாம். சொதப்பினால் திங்கட்கிழமை சென்னையில் நிற்க வேண்டும்.

அலுவலகத்து மென்பொருள் விர்ச்சுவல் மெஷினில் மட்டுமே ஓடும். அதாவது என் கணினிக்குள் இன்னொரு கணினி. அதன் திரையோ நடுவில் தபால் கார்டு அளவுக்குத் திறந்து நின்றது. படிவத்தின் அடியில் இருக்கும் ‘அனுப்பு’ பொத்தானே கண்ணில் படவில்லை. டிஸ்ப்ளே செட்டிங்ஸுக்குள் போய்ப் பெரிய அளவைத் தேர்ந்தெடுத்தேன். திரை ஒரு கணம் கறுத்து, பிறகு அம்சமாக விரிந்தது. இப்படியே வைத்துக்கொள்ளவா என்று கேட்டது. பதினைந்து நொடிக்குள் ஆம் என்று அமுக்காவிட்டால் பழையபடி சுருங்கிவிடும்.

அமுக்கப் போனேன். தும்மல் வந்தது.

“நில்லு தாயி!” மூட்டை தைத்துக்கொண்டிருந்த அய்யா பதறிவிட்டார். “ஒத்தத் தும்மலு. நல்ல காரியத்துல கை வைக்கிறப்ப ஆகாது. செத்த உக்காந்து தண்ணி குடிச்சிட்டு அமுக்கு.”

“உக்காந்துதான்யா இருக்கேன்.”

“அப்ப எந்திரிச்சு உக்காரு.”

எழுந்து உட்கார்ந்து குடித்து முடிப்பதற்குள் திரை சுருங்கிவிட்டது. மறுபடி விரித்தேன். இப்போது அய்யா தும்மினார்.

“நீங்க தும்முனதுக்கு நான் எதுக்குக் குடிக்கணும்?”

“காரியம் ஒன்னோடதுதான?”

மூன்றாவது தடவை, நான்காவது தடவை. வயிறு தண்ணீரால் தளும்பியது. கணிப்பொறி படித்த பெண் இதற்கெல்லாம் ஏன் கட்டுப்பட்டாள் என்று கேட்பீர்கள். அந்தப் பொத்தானில் என் பிழைப்பு இருந்தது. எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

பதினொன்றாக மூன்று நிமிஷம். விரித்தேன். தும்மினேன். “போதும்யா!” என்று கத்தியே விட்டேன்.

அய்யா கோபிக்கவில்லை. “ரெட்டத் தும்மலுன்னா நல்ல சகுனம். இன்னொன்ன நான் போட்டுர்றேன், இரு” என்று ஒரு மூட்டையின் வாயைப் பிரித்து முகத்தை உள்ளே விட்டார். கண்ணும் மூக்கும் ஒழுகின. தும்மல் மட்டும் வரவில்லை. “வருது... வருது...” என்றார். திரையில் ஆறு, ஐந்து, நான்கு.

இங்கேயே இரு என்று ஒரு வார்த்தை அதுவரை அவர் என்னிடம் சொன்னதில்லை. அமுக்கிவிட்டேன்.

அடுத்த நொடி வீடு அதிரத் தும்மினார். “வந்துருச்சு தாயி! இப்ப அமுக்கு!”

“அமுக்கியாச்சுய்யா.”

மேனேஜர் இணைப்பில் வந்தார், பார்த்தார், என் மூக்கடைத்த குரலைக் கேட்டு உடம்பு சரியில்லையா என்றார், சரி என்று சொல்லிவிட்டுப் போனார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

“என்னவாம்?” என்றார் அய்யா, முகத்தைத் துண்டால் துடைத்தபடி.

“இங்கனயே இருக்கலாமாம்.”

தலையை ஆட்டிக்கொண்டு மூட்டைகளுக்குப் பின்னால் போனவர், வாய் கட்டிய ஒரு துணிப்பையைத் தூக்கி வந்தார். “அப்ப இதப் பிரிச்சுக் கொட்டிரவா? ஒருவேளை போறாப்புல ஆச்சுன்னா கொண்டுபோவியேன்னு கட்டி வச்சேன்.”

பிரித்துப் பார்த்தேன். காம்பு கிள்ளிய வத்தல், ஐந்து கிலோ இருக்கும். ஒற்றை ஆள் சென்னையில் நாலு வருஷம் சமைத்தாலும் தீராது.