வெள்ளைக் காருக்குப் பொட்டு

பதின்மூன்று வயதில் எனக்கு ஒரு காதல் வந்தது. ஆள் ஜப்பான், நல்ல வெள்ளை, இரண்டே கதவு. முன்விளக்குகள் பொனட்டுக்குள் ஒளிந்திருந்து, பொத்தானை அமுக்கினால் தவளைக் கண் மாதிரி எழும்பி நிற்கும். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் கொப்பி உறையில் நடிகர் படம் ஒட்டினார்கள், நான் இந்தக் காரை ஒட்டினேன். குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் குண்டசாலை பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது அதன் எஞ்சின் சத்தத்தை வாயால் செய்து பார்ப்பேன். பக்கத்தில் நின்றவர்கள் மெல்லத் தள்ளிப் போவார்கள். பஸ் ஏற அது வசதியாகவும் இருந்தது.

இன்றைக்கு அந்தக் கார் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து செருப்புக்கூட மாற்றாமல் காசு சேர்த்து வாங்கியது. விற்றவர் கட்டுகஸ்தோட்டையில் ஓய்வில் இருக்கும் ஒரு பல் டாக்டர். எஞ்சினைப் பற்றி நான் கேட்ட கேள்விக்கெல்லாம் தலையாட்டிவிட்டு, கதவைத் தடவிக்கொண்டு சொன்னார்:

"மகள், இது கம்பனியில அடிச்ச பெயின்ட். நான் ஒரு இடமும் திருப்பி அடிக்கல்ல. நீங்களும் அடிக்க வாணாம். அடிச்சா இது மத்தக் கார் மாதிரித்தான்."

எனக்கு அவர் சொல்லவே தேவையில்லை. இந்த மாடலே இலங்கையில் அபூர்வம். அதிலும் பிறந்த மேனிக்கு அதே பெயின்டோடு இருப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இந்தக் காரில் எனக்கு உயிர் என்றால் அது அந்த மெல்லிய வெள்ளைத் தோல்தான்.

ஓடுவதைப் பற்றி அதிகம் பெருமையடிக்க முடியாது. மலைப்பாதையில் பறப்பதற்கென்றே செய்த எஞ்சின், கண்டி வாவியைச் சுற்றி இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஊர்கிறது. மூன்றாம் கியரோடு எனக்கு இன்னும் சரியான அறிமுகமில்லை. வாழைக்குலை ஏற்றிய த்ரீவீலர் என்னை முந்திப் போயிருக்கிறது. போகும்போது குலை ஒன்று கண்ணாடியை உரசிவிட்டும் போனது. அப்பா பின்சீட்டில் ஒரு தடவை ஏறினார். இறங்கும்போது, "இது காரா, சூட்கேஸா?" என்று மட்டும் கேட்டார். அப்பா பேங்க்கில் வேலை செய்தவர். தேவையில்லாமல் ஒரு சொல்லும் செலவழிக்க மாட்டார்.

அம்மா ஏறவேயில்லை. பூசை போடாத வண்டியில் அம்மா ஏற மாட்டார். அம்மா டவுனில் டீச்சர். என் ஒபிஸும் டவுனில்தான். காலையில் நான் காரை ஊர விட்டுக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் போவேன்.

"ஏறுங்கம்மா. ரெண்டு பேரும் ஒரே எடத்துக்குத்தானே போறோம்."

"பூசை போட்டியா?"

"இல்ல."

"அப்ப போ. பஸ் வருது, வழிய விடு."

பின்னால் பஸ் ஹோர்ன் அடிக்கும். நான் தனியாகப் போவேன்.

பூசைக்கு எனக்கு ஆட்சேபனை இல்லை. கடவுளோடு எனக்குப் பெரிய சண்டையும் கிடையாது. ஆனால் சந்தனமும் குங்குமமும் பெயின்டில் படக்கூடாது. ஆகவே பூசைக்கு முந்தின நாளே கோயிலுக்குப் போய் ஐயரிடம் தனியாகப் பேசினேன். பொட்டைக் கண்ணாடியில் வைத்தால் போதுமா என்று கேட்டேன்.

"கண்ணாடில வச்சா ஓட்டுறவங்களுக்கு ரோடு மறைக்கும்மா. பொனட்டுலதான் வைக்கணும்."

பாதுகாப்பு விதிகளைப் பேசும் ஐயரிடம் என்ன வாதாடுவது. சரி, வைத்தவுடன் துடைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குத்தான் மூளை சும்மா இருக்காதே. சாமி முன்னால் போகிற வண்டி குளித்துவிட்டுப் போகட்டும் என்று, பழைய மெழுகுப் பூச்சையெல்லாம் அன்று பின்னேரம் உட்கார்ந்து கழற்றி எடுத்தேன். பூசை முடிந்ததும் புதுப் பூச்சு போடுவது திட்டம். அதாவது, அந்த பெயின்டுக்கு இருந்த ஒரே சட்டையையும் நானே கழற்றிவிட்டுக் கோயிலுக்குக் கூட்டிப் போனேன்.

வெள்ளிக்கிழமை. ஆற்றுப் பாலத்திலிருந்து டவுன் வரைக்கும் ஒரே நெரிசல். அம்மாவும் அப்பாவும் பஸ்ஸில் முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நான் இரண்டாம் கியரில் ஊர்ந்து ஊர்ந்து கோயில் ஏற்றத்தை ஏறியபோது எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது. ஐயர் தேங்காய் உடைத்தார், கற்பூரம் காட்டினார், சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார். பிறகு தாராளமாக மூன்று விரலால் சந்தனத்தை அள்ளி, பொனட்டின் மூக்கு நுனியில் இழுத்து, நடுவில் குழைத்த குங்குமத்தை ஒரு ரூபாய்க் குத்திக் காசு அளவுக்கு வைத்தார். சூட்டில் அது தோசைக்கல்லில் ஊற்றிய மாவு மாதிரி அங்கேயே வெந்தது. எனக்கு மட்டும்தான் அந்தச் சத்தம் கேட்டது என்று நினைக்கிறேன்.

கைத்துண்டை எடுத்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"என்னடி பண்ற?"

"தொடைக்கிறேன்."

"வச்ச கையோட தொடைப்பாங்களா? நாளைக்கு வரைக்கும் இருக்கட்டும்."

"அம்மா, பெயின்ட் போயிரும்."

"சந்தனம் பட்டு எந்த பெயின்ட் போச்சு? ஒன் மூஞ்சிக்குப் பூசுனேனே, போச்சா?"

அப்பா மட்டும் என் முகத்தை ஒரு தடவை கவனமாகப் பார்த்தார்.

சனிக்கிழமை முழுக்க வெயில். ஞாயிறு காலை அம்மா அனுமதி கொடுத்ததும் ஈரத்துணியோடு ஓடினேன். சந்தனம் உதிர்ந்துவிட்டது. குங்குமம் உதிரவில்லை. மேலே இருந்ததெல்லாம் வந்தது, ஆனால் பெயின்டுக்கு உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு வட்டம் தங்கிவிட்டது. வெள்ளைக் காரின் மூக்கில், நன்றாக நடுவில், அளந்து வைத்தது போல.

அம்மா வெளியே வந்து பார்த்தார். குனிந்து பார்த்தார். சேலைத் தலைப்பால் தேய்த்துப் பார்த்தார். அம்மாவின் முகம் மாறியதைப் பார்த்தபோது எனக்குக் கத்தவும் முடியவில்லை.

"முழுக்கச் சிவப்பு அடிச்சிருவோமா?" என்றார் கடைசியில். "அப்ப பொட்டு தெரியாது."

"அடுத்த பூசைக்கு விபூதி தெரியும்," என்றார் அப்பா.

அம்மா அதற்குச் சிரிக்கவில்லை. பின்வீட்டுக்காரரின் தம்பி கார் பெயின்ட் அடிக்கிறவர், நாளைக்கே வரச் சொல்லுறேன் என்றார். காசை நான் தாறேன், புதுக் கார் மாதிரி ஆக்கிருவோம் என்றார். புதுக் கார் மாதிரி! பெயின்ட் அடிக்க வேண்டாம், பொலிஷ் போட்டே எடுத்துவிடுகிறேன் என்று சொல்லி அம்மாவை உள்ளே அனுப்பினேன்.

பொலிஷை ஒரு கருநீல டீஷர்ட்டில் தொட்டுப் பொட்டைச் சுற்றித் தேய்க்கத் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் சிவப்பு ஒரு நூலளவு வெளிறியது போலிருந்தது. உற்சாகத்தில் துணியைத் திருப்பிப் பார்த்தேன். துணியெல்லாம் வெள்ளை. இந்தப் பழைய பெயின்டுக்கு மேலே, புதுக் கார்களுக்கு இருப்பதுபோல் கம்பனியில் அடித்த காப்புப் பூச்சு எதுவும் கிடையாது. தேய்த்தால் கையோடு வருவது நிறம்தான். பொட்டு போகிற ஆழத்துக்குத் தேய்த்தால், பொட்டோடு பெயின்டும் போய் அடியிலுள்ள தகரம் தெரியும். அதற்குப் பிறகு பின்வீட்டுக்காரரின் தம்பியைத் தவிர வேறு வழியில்லை.

படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அந்த வட்டத்தையே பார்த்தேன். கறை பிடித்த ஒரிஜினல் வேண்டுமா, கறையில்லாத எவனோ ஒருவன் வேண்டுமா? பழைய கார் பிரியர்களின் இணையக் குழுவில் இதன் படத்தைப் போட்டால் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டுவார்கள். போடாவிட்டால் போகிறது. பொலிஷ் டப்பாவை மூடினேன். பொட்டுக்கு மேலேயே புது மெழுகைப் பூசி, அதையும் சேர்த்துப் பளபளக்க வைத்தேன்.

திங்கள் காலை அம்மா ஹேண்ட்பேக்கோடு வந்து கார் பக்கத்தில் நின்றார். பொனட்டைப் பார்க்காமல் கதவைத் திறந்தார். சீட் தரையோடு தரையாக இருந்ததால், ஏறினார் என்பதைவிட விழுந்தார் என்பதே சரி. சேலையைச் சரிசெய்து, பேக்கை மடியில் வைத்து, கழுத்தை நீட்டி முன்கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"இங்க இருந்து பார்த்தா தெரியவே இல்லயே."

"வெளிய நிக்கிறவங்களுக்கெல்லாம் தெரியும்மா."

"அது அவங்க பாடு," என்றார் அம்மா. "எடு, ஸ்கூலுக்கு நேரமாச்சு."