செவ்வாய்க்கிழமை கிராப்பு

காசிக்குத் தலைமுடி மேல் பைத்தியம். ஆம்பூரில் தோல் பதனிடும் தோல்ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியருகே நாளெல்லாம் நிற்கிற மனிதர் உடம்பில் வேறெதை அழகாக வைத்துக்கொள்ள முடியும்? கை வெந்திருக்கும், நகம் கரைந்திருக்கும், வாடை வீடு வரை கூடவே வரும். தலை ஒன்றுதான் மிச்சம். அதை அவர் யாருக்காகவும் விட்டுக்கொடுத்ததில்லை.

அப்பேர்ப்பட்டவர், 1935 ஐப்பசியில் சலூன் வேலாயுதம் காலமான பிறகு, தை பிறந்தும் தலையில் கத்திரி படாமல் திரிந்தார். முடி காதை மூடிவிட்டது.

"இன்னாயா, கொண்டை போட்டுக்கப் போறியா? ஊர்ல வேற கடையே இல்லயா?" என்றாள் மனைவி முனியம்மா.

"கடை இருக்குது. கை வேணுமில்ல?"

அந்தக் கை கிடைத்தது ஒரு வார்த்தையால். கல்யாணமான புதிதில் காசிக்கு மைத்துனன்தான் முடி வெட்டிவிடுவான். ஆட்டுக்கு வெட்டுவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. சேரிக்காரர் தலையை ஊர் நாவிதர் தொட மாட்டார். அப்போதுதான் கடைத்தெருவில் வேலாயுதம் புதுசாகச் சலூன் திறந்தார். ஆளுயரக் கண்ணாடி, கை வைத்த நாற்காலி. காசிக்கு ஆசை தாங்கவில்லை. வந்தது வரட்டும் என்று ஒரு நாள் நுழைந்துவிட்டார்.

"இன்னா தொழில்?" என்று கேட்டார் வேலாயுதம்.

"முடி எடுக்கறதுங்க."

பொய்யில்லை. சுண்ணாம்பில் ஊறிய தோலிலிருந்து முடியை வழித்தெடுப்பதுதான் அவர் வேலை. தோல்ஷாப்பில் அதற்கு வேறு பெயரும் கிடையாது.

"அட, நம்ம ஆளா! உக்காரு, உக்காரு." வேலாயுதம் உபசாரத்தோடு துணியைப் போர்த்தினார். இடது பக்கம் முடிந்தது. "எந்தக் கடையில?"

"கடை இல்லீங்க. தோல்ஷாப்பு."

கத்திரி நின்றது. வேலாயுதம் தெருவைப் பார்த்தார். பிறகு பாதி வெட்டிய தலையைப் பார்த்தார். போய்க் கதவுப் பலகையைச் சாத்திவிட்டு வந்து மீதியையும் வெட்டினார். கண் அடிக்கடி பலகைப் பக்கம் போய் வந்தது. வெட்டு மட்டும் கோணவில்லை.

"தெரிஞ்சா இந்த நாற்காலியில கடைத்தெருக்காரன் ஒருத்தன் உக்கார மாட்டான். செவ்வாக்கெழம யாரும் முடி வெட்டிக்க மாட்டாங்க, கடை மூடியிருக்கும். வேலை விட்டதும் பின்பக்கமா வா. எவன் கேட்டாலும் என் பேரைச் சொல்லிடாதே."

அந்தச் செவ்வாய்க்கிழமைகள் எவ்வளவு நன்றாக இருந்தன! பலகை இடுக்கில் சாயங்கால வெயில் விழும். சோப்பு நுரை மணக்கும். வாலாஜாபேட்டையில் பார்த்த நாடகத்தை வேலாயுதம் ராஜா குரலிலும் ராணி குரலிலும் மாறி மாறிப் பாடிக் காட்டுவார். தாளத்துக்குக் கத்திரி இருக்கவே இருந்தது. முடிந்ததும், கேட்காமலே, காசியின் வெந்துபோன விரல்களைப் பிடித்துத் தேங்காய் எண்ணெய் தடவிவிடுவார். வெளியாள் ஒருவர் தன் கையைப் பிடித்தது காசிக்கு அதுதான் முதல் தடவை.

யார் வெட்டியது என்று தோல்ஷாப்பில் கேட்டால், "வேலூர் போயிருந்தேன்" என்பார். அவர் சொன்னதை நம்பினால், வேலூர்ப் பக்கம் ரயில் ஓடியதே காசியின் தலைக்காகத்தான். வேலாயுதத்தின் பாடை போன அன்றுகூட, தெருவின் எதிர்ப்புறம் யாரோபோல் நின்று பார்த்தார்.

முனியம்மாவின் தொல்லை தாங்காமல் கடைசியில் ஒரு நாள் மசூதியருகே வாஹித் பாஷாவின் சலூனுக்குப் போனார். அன்றும் செவ்வாய்க்கிழமை; பாய் கடைக்கு அந்த விலக்குக் கிடையாது. கால் பழக்கத்தில் பின்சந்துக்குள் போய் நின்றது. தண்ணீர் கொட்ட வந்த பாஷா திகைத்தார்.

"இன்னா அண்ணே, இங்க நிக்கறே?"

"முடி வெட்டிக்கணும், பாய்."

"அதுக்கு ஏன் சந்துல வர்றே? வாசல் முன்னாடி இருக்குது."

"நான் தோல்ஷாப்பு ஆளு." இந்தத் தடவை காசி முதலிலேயே சொல்லிவிட்டார்.

"வாடை சொல்லுதே! கூட்டம் ஜாஸ்தியாவறதுக்குள்ள முன்னாடி வா."

சந்தைச் சுற்றி வாசலுக்குப் போவதற்குள் காசிக்கு வியர்த்துவிட்டது. உள்ளே பெஞ்சில், செவ்வாய்க்கிழமை வெட்டிக்கொள்ளாவிட்டாலும் அரட்டைக்கு வந்த தானிய மண்டி கோவிந்தசாமி உட்கார்ந்திருந்தார். வேலாயுதம் கடை திறந்த நாளிலிருந்து அங்கே வெட்டிக்கொண்டவர். காசி நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியில் அவருக்குப் பின்னால் தெரு முழுக்கத் தெரிந்தது. வேலாயுதத்தின் கண்ணாடியில் சாத்திய பலகைதான் தெரியும். இத்தனை வருஷம் என்னை ஒளித்துத்தானே வைத்திருந்தாய் என்று முதன்முதலாக அந்த மனுஷன் மேல் கோபம் வந்தது. அவர் எண்ணெய் தடவிய விரல்கள் துணிக்கடியில்தான் இருந்தன. கோபத்தோடு அழுகையும் வந்தது.

பாஷா பிடரி முடியைத் தூக்கிப் பார்த்தார். "வளர்ந்து போச்சு, ஆனாலும் வெட்டு தெரியுது. நல்ல கை! யாரு அண்ணே வெட்டினது?"

வேலூர் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கண்ணாடியில் கோவிந்தசாமி தெரிந்தார். இனிமேல் யார் வராமல் போய் எந்தக் கடை மூடப்போகிறது?

"வேலாயுதம்" என்றார் காசி. குரல் எழும்பவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னார். "கடைத்தெரு வேலாயுதம். அவரு போற வரைக்கும் அவருதான் எனக்கு வெட்டினாரு. அவரு நாற்காலியில உக்கார வச்சு."

கோவிந்தசாமியின் கை மெல்ல எழுந்து தன் பிடரியைத் தொட்டுப் பார்த்தது.

"வெட்டு, பாய்" என்றார் காசி.