பைக்குள் இருந்த தேசிக்காய்

பழைய கைப்பையை எறிவதற்கு முன் கவிழ்த்து உதறினேன். அடியிலிருந்து தேசிக்காய் என்று நாங்கள் சொல்லும் எலுமிச்சை ஒன்று விழுந்து கதிரைக்குக் கீழே உருண்டது. காய்ந்து கறுத்துக் கல்லுப்போல ஆகியிருந்தது. எடுத்து வைத்துக்கொண்டு, மனதில் ஏதாவது தோன்றும் என்று கொஞ்ச நேரம் நின்றேன். ஒன்றும் தோன்றவில்லை. கடற்பயணத்தில் வயிற்றைப் புரட்டிச் சத்தி வராமலிருக்க எங்கள் பெண்கள் மணந்துகொண்டு போகிற தேசிக்காய் அது. எனக்கோ அந்நாட்களில் கடலில் சத்தி வந்ததே இல்லை. நான் ஊர்காவற்துறையில் மீன்பிடிக்கிறவரின் மகள். பள்ளிக்கூடம் போகமுன்னரே வள்ளம் ஏறியவள்.

யாழ்ப்பாணத்தில் ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை. நெடுந்தீவில் தையல், கோழி வளர்ப்பு என்று சிறுதொழில் செய்யும் பெண்களைப் போய்ப் பார்த்துவருவது என் பொறுப்பு. தனியே அனுப்பமாட்டார்கள். கூட வந்தவர் எங்கள் மூத்த உத்தியோகத்தர். கந்தோர் முழுவதும் அவரை அண்ணை என்றே கூப்பிடும். நல்ல மனிசன் என்று பெயர். குறிகட்டுவான் துறையில் படகு ஏறும்போது எல்லாருக்கும் செம்மஞ்சள் நிற உயிர்காப்பு அங்கி கொடுப்பார்கள். கட்டத் தெரியாதவருக்குப் பக்கத்தில் இருப்பவர் கட்டிவிடுவது அங்கே வழமை. அந்த வழமைக்குள்தான் அவர் நுழைந்துகொண்டார். "இஞ்ச வாரும் தங்கச்சி, நீர் ஒழுங்காக் கட்டேல்லை" என்று நான் போட்ட முடிச்சை அவிழ்த்து, மறுபடி கட்டுவார். விரல்கள் அந்த நாடாக்களில் தேவைக்கு மேலே தங்கும். பிறகு மேல்தட்டில் காற்று வருகிற இடமாகப் பார்த்துத் தனக்குப் பக்கத்தில் எனக்கு இடம் பிடித்திருப்பார். பார்க்கிற எவருக்கும் அது உதவிதான். நான் மட்டும் நெடுந்தீவு இறங்குதுறை வரும்வரை பையை இருவருக்கும் நடுவே வைத்து அழுத்திப் பிடித்திருப்பேன்.

பொறுப்பதிகாரியிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அவரும் ஒரு பெண்தான். "அவர் உம்மைத் தன்ர பிள்ளை மாதிரியெல்லோ பாக்கிறார். அவரோட போக ஏலாதெண்டால் நான் தீவுக்கு வேற ஆளைத்தான் போடவேணும்" என்றார். தீவு வேலைக்கென்றே என்னை எடுத்திருந்தார்கள். அது போனால் நானும் போகவேண்டியதுதான். வீட்டில் சொன்னால் வேலையை விடு என்பார்கள். பிழை அவருடையது, வீட்டில் குந்தியிருக்க வேண்டியது நான். அந்த நியாயம் எனக்குப் பிடிபடவில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

வழி தற்செயலாகத்தான் கிடைத்தது. ஒரு பயணத்தில் எனக்கு எதிரே இருந்த பெண் திடீரென்று சத்தி எடுத்தாள். அண்ணை மூக்கைப் பொத்திக்கொண்டு படகின் மற்ற முனைக்கே போய்விட்டார். கரை வரும்வரை திரும்பவில்லை. அடுத்த பயணத்துக்கு முன் எங்கள் வீட்டு வளவுத் தேசிமரத்தில் ஒரு காய் பிடுங்கினேன். துறையில் அவர் நாடாவுக்குக் கை நீட்டியதும் காயை மூக்கில் வைத்து, ஒரு பொலித்தீன் பையை வாயருகே பிடித்து, குமட்டிக் காட்டினேன். அவர் கையை இழுத்துக்கொண்டார். படகின் கீழ்த்தட்டில், இயந்திரச் சூட்டிலும் டீசல் மணத்திலும், பாண் பெட்டிகளுக்கும் சாமான் மூட்டைகளுக்கும் நடுவே பெண்களோடு போய் இருந்தேன். அங்கே எனக்கு நல்ல நித்திரை வந்தது. மத்தியானம் அவரோடு ஒரே மேசையில் சாப்பிடாமலிருக்கவும் அந்தச் சத்தி நடிப்பே உதவியது.

தீவுகளில் கதை படகை விட வேகமாகப் போகும். "என்ன, உங்கட பிள்ளைக்குக் கடல் ஒத்துவராதாமே" என்று கடற்கரையில் அப்பாவைப் பகிடி பண்ணத் தொடங்கினார்கள். அப்பா எங்களோடு பெரிதாகப் பேசுகிறவர் அல்லர். அன்று இரவு சாப்பிடும்போது என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிறு பூசை முடிந்ததும், "வா பிள்ளை, ஒருக்கா வெளியில போய்ட்டு வருவம்" என்று வள்ளத்தில் ஏற்றினார். சோளகக் காற்று அடித்துக் கடல் கொந்தளிக்கிற காலம். வேண்டுமென்றே அலைக்குக் குறுக்கே ஓட்டினார். வள்ளம் தூக்கித் தூக்கிப் போட்டது. நான் முன்பக்கத்து அணியத்தில் இருந்து பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நடிக்க வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. அப்பா இயந்திரத்தைக் குறைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"ஆரோட போறனீ?"

"கந்தோர் அண்ணை ஒராளோட."

"ம்" என்றார். கரை வரும்வரை வேறொன்றும் கேட்கவில்லை. அடுத்த பயண நாள் காலை பையைத் திறந்தபோது உள்ளே இரண்டு தேசிக்காய்கள் இருந்தன, புதிதாகப் பிடுங்கியவை. ஒன்று தவறினாலும் மற்றது இருக்கட்டும் என்று அப்பா நினைத்திருப்பார். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. பையின் சிப்பை இழுத்து மூடிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன். அதன்பின் ஒவ்வொரு பயணத்துக்கும் பையில் காய் இருந்தது. கடற்கரைப் பகிடிகளுக்கு அப்பா "ஓம், அவளுக்குச் சின்னனிலயிருந்தே அப்பிடித்தான்" என்று பதில் சொன்னார் என்று கேள்விப்பட்டேன்.

சென்ற வருடம் அண்ணை மாற்றலாகி வேறு மாவட்டத்துக்குப் போனார். பிரியாவிடைப் படத்தில் நானும் நிற்கிறேன், கையில் கேக் தட்டோடு, சிரித்தபடி. ஆறுதலாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன், பசித்தது, அவ்வளவுதான். அடுத்த பயணத்தில் என் அங்கியை நானே கட்டிக்கொண்டு மேல்தட்டில் இருந்தேன். காற்று நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் ஒரு பெண் தேசிக்காயை நகத்தால் கீறி மணந்தாள். அந்த மணம் எனக்கு எட்டியதும் எழுந்து ஓடிப்போய்க் கடலுக்குள் சத்தி எடுத்தேன். நடிப்பு இல்லை. இன்றைக்கும் சொதிக்குத் தேசிப்புளி விடமுன் என் பங்கைத் தனியே எடுத்துவைக்கச் சொல்வது அப்பாதான்.

காய்ந்த காயோடு முற்றத்துக்குப் போனேன். அப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார். கொடுத்தேன்.

"இனி உது தேவையில்லைத்தானே?" என்றார்.

இத்தனை காலத்தில் இதைப்பற்றி அவர் கேட்ட இரண்டாவது கேள்வி அது. "ஓம் அப்பா" என்றேன். அவர் உடனே அதை எறியவில்லை. வள்ளத்தில் அன்று பார்த்ததுபோல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.