காலையில் அக்காவுக்கு, சாயங்காலம் அவளுக்கு

"வாயைத் திற. நாக்கைத் தூக்கு. அந்தப் பக்கம் காட்டு. ம், போ."

இதையே சொல்லிச் சொல்லி அவளுக்குக் காதோரம் நரைத்துவிட்டது. காசநோய்ப் பிரிவில் வேலை. நோயாளி மாத்திரையை வாங்கிக்கொண்டு போனால் மட்டும் போதாது. அவள் கண்ணெதிரே விழுங்க வேண்டும். விழுங்கினானா என்று வாய்க்குள் பார்க்கவும் வேண்டும். அதனால் ஊரில் அவளுக்கு மாத்திரை அக்கா என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வேறு பெயர்களும் உண்டு. அவற்றை அச்சில் ஏற்ற முடியாது.

மனிதர்கள் மருந்தை எங்கெங்கே ஒளிப்பார்கள் என்பதை அவளிடம்தான் கேட்க வேண்டும். தையல்காரர் பித்தான் டப்பாவில் போட்டு வைத்தார். லாரிப் பட்டறைக் காவலாளி கன்னத்தில் அடக்கிக்கொண்டு, என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினார். சலவைக்காரி இன்னும் ஒரு படி மேலே போனாள்.

"இருமல்தான் போயிடுச்சே அக்கா. மிச்சத்தப் பூனைக்கு வெச்சேன். பாவம், அதுவும் இளைச்சிருந்துச்சு."

"தின்னுச்சா?"

"மோந்து பாத்துட்டுப் போயிடுச்சு."

"ஒரு வீட்டுல ஒருத்தருக்குக்கூட மருந்து இறங்காதா! எனக்குன்னு வந்து வாய்க்கிறீங்க பாரு!"

அவளுக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய அம்மாவும் உடம்பு கொஞ்சம் தேறியதும் மாத்திரையை நிறுத்தியவள்தான். நோய் திரும்பி வந்தபோது எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. தம்பி அப்போது நடை பழகிக்கொண்டிருந்தான். அவனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டுதான் அவள் அம்மாவை வழியனுப்பினாள். பிறகு அந்த இடுப்பிலிருந்து அவனை இறக்கவே இல்லை என்று அக்கம்பக்கம் கேலி பேசும். கல்யாணம் வேண்டாம் என்று அவள் சொன்னதில்லை. கேட்பதற்கு ஆள் இல்லாமலே வருஷங்கள் ஓடிவிட்டன.

அவர்கள் ஊர் ஒரு பாலத்தின் இந்தப் பக்கம். நடுவில் ஆறு. அந்தப் பக்கம் இறங்கினால் வேறு நாடு. வேறு போலீஸ், வேறு நோட்டு, அதே கொசு. தம்பி இந்தப் பக்கச் சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்கினான். முதலாளி திட்டினாலும் ஆமா, கூட்டாளி கிண்டல் செய்தாலும் ஆமா. அதனால் கிடங்கில் அவனுக்கு ஆமாஞ்சாமி என்று பெயர்.

அந்த ஆமாஞ்சாமி யாரிடம் ஆமா சொன்னானோ, எதிர்க்கரையில் ஒரு பெண்ணைக் காதலித்துவிட்டான். கல்யாணமும் எதிர்க்கரையில். அன்று பார்த்து எந்த நாட்டு மந்திரியோ பாலத்தைப் பார்வையிட வந்தார். கேட்டை மூடிவிட்டார்கள். புதுச் சேலையும் கையில் பொட்டலமுமாக அவள் வெயிலில் நின்றாள். கேட் திறந்து போய்ச் சேர்ந்தபோது பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நேரம் ஆயிடுச்சு அண்ணி, அதான்..." என்றாள் மணப்பெண்.

"அவனுக்காக இத்தனை வருஷம் காத்திருந்தேன், எனக்காக ஒரு மணி நேரம் காத்திருக்க மாட்டானா?" என்றாள் இவள்.

அன்றோடு நாத்தனாருக்கும் தம்பி மனைவிக்கும் பேச்சு அறுந்தது. தம்பி அந்தக் கரையில் தூங்கி, இந்தக் கரையில் உழைத்து, இரண்டு பேரிடமும் ஆமா சொல்லிக் காலத்தை ஓட்டினான்.

போன மழைக்காலத்தில் அவனுக்கு இருமல் வந்தது. இவள் காதுக்கு அது தப்புமா? அன்றைக்கே சளியைப் பரிசோதனைக்கு அனுப்பினாள். நோய் உறுதியானது. அவள் அழவில்லை, அவனைத்தான் திட்டித் தீர்த்தாள். தன் கணக்கிலேயே மருந்து கொடுக்க வேண்டும் என்பதற்காக, விலாசம் கேட்ட இடத்தில் தன் வீட்டு விலாசத்தைச் சொன்னாள். தம்பி அக்கா வீட்டில்தானே இருப்பான்! அதில் என்ன பொய் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். தினமும் காலையில் அவன் கிடங்குக்குப் போகும் வழியில் வாசலில் நிற்பான். வாயைத் திற. நாக்கைத் தூக்கு. ம், போ.

நாற்பது பேருக்கு மாத்திரை கொடுத்தவளுக்கு அவன் ஒருவன் வாயைப் பார்க்கும்போது மட்டும் கண் கலங்கும். "தூசி" என்பாள். அவன் ஆமா என்பான்.

ஆனால் நாளாக ஆக அவன் தேறவில்லை. சோற்றைக் கண்டால் குமட்டினான். ஒருநாள் காலையில் அவன் வாயைத் திறந்தபோது அவள் கண்ணைப் பார்த்தாள். வெள்ளை இருக்க வேண்டிய இடமெல்லாம் மஞ்சள்.

கையைப் பிடித்துத் தரதரவென்று டாக்டரிடம் இழுத்துப் போனாள். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். ரத்தம் எடுக்கச் சொன்னார்.

"கல்லீரல் வீங்கியிருக்கு. மாத்திரை தினம் ஒரு வேளைதானே?"

"ஆமா."

"கூட ஏதாவது சாப்பிடறியா?"

"ஆமா."

"ரெண்டு வேளையா முழுங்கறியா?"

"ஆமா."

"டேய், எல்லாத்துக்கும் ஆமாங்காத!" அவள் கத்தினாள். "டாக்டர் முன்னாடியாவது வாயைத் திறந்து உண்மையச் சொல்லு."

"உண்மைதான்க்கா. காலையில உனக்கு. சாயங்காலம் அவளுக்கு."

விஷயம் இதுதான். இங்கே சளி கொடுத்த அதே வாரம், துண்டில் ரத்தத்தைப் பார்த்துப் பயந்து மனைவியும் அவனை எதிர்க்கரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தாள். அந்த நாட்டிலும் இதே ஏற்பாடு. அங்கேயும் ஒருத்தி கண்ணெதிரே விழுங்க வைப்பாள். அக்கா ஏற்கனவே கொடுக்கிறாள் என்று சொன்னால் மனைவி முகம் சுளிப்பாள். மனைவி கொடுக்க வைக்கிறாள் என்று சொன்னால் அக்கா சாமியாடுவாள். ஆகவே மகாராசன் இரண்டு நாட்டு மருந்தையும் முழு அளவில் விழுங்கியிருக்கிறான். உலகமே மாத்திரையை ஒளித்து வைக்கும்போது இவன் ஒருவன்தான் கூடுதலாக விழுங்கியவன்!

"உயிருக்காக முழுங்கறதுடா அது! மனசு கோணாம இருக்க முழுங்கறதா?"

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருந்தா நான் ஏன்க்கா இப்படிப் பண்றேன்?"

அவள் இன்னும் சத்தமாகத் திட்டினாள்.

டாக்டர் எல்லா மாத்திரையையும் நிறுத்தினார். கல்லீரல் ஆறிய பிறகு, ஒவ்வொரு மருந்தாக, ரத்தம் பார்த்துப் பார்த்துத் திரும்ப ஆரம்பிக்க வேண்டும். "ஒரே இடத்துல. ஒரே ஆள் கையால. தள்ளிப் போட்டா நோய் மருந்துக்கு அடங்காமப் போயிடும். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல" என்றார்.

சொல்ல வேண்டியதில்லைதான். அம்மாவின் கடைசி இருமல் இன்னும் அவள் காதில் இருக்கிறது.

தம்பிக்குக் கண் வெளுத்தது. பசி வந்தது. இனி ஆரம்பிக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அப்போதுதான் உண்மையான வியாதி ஆரம்பித்தது. அதன் பெயர் அலுவலகம்.

"இது இரட்டைப் பதிவு மா," என்றார் அவளுடைய அதிகாரி. "ஒரே ஆள், ரெண்டு நாட்டுலயும் பேர் இருக்கு. கூட்டுக் குழு முடிவு பண்ற வரைக்கும் நாம மருந்து கொடுக்கக் கூடாது."

"அப்ப அவங்க கொடுக்கட்டும் சார்."

"அவங்களும் கொடுக்கக் கூடாது."

"முன்னாடி ரெண்டு பேரும் கொடுத்தீங்க. இப்ப ரெண்டு பேரும் கொடுக்க மாட்டீங்களா?"

"அதுக்குத்தானே மா அடுத்த வாரம் மாநாடு! அண்டை நாடுகள் எல்லாம் சேர்ந்து காசநோயை ஒழிக்கப் போறோம்."

"அதுக்குள்ள என் தம்பி ஒழிஞ்சு போயிடுவான் சார்."

அதிகாரி கெட்டவர் அல்ல. மேஜைமேல் கிடந்த பேனாவை உருட்டிக்கொண்டே ஒரு வழி சொன்னார். இரண்டு வீட்டில் ஏதாவது ஒரு வீடு, அவன் எங்களிடம் இல்லை என்று சொல்லிவிட்டால் போதும். அந்தப் பக்கத்துப் பெயர் போய்விடும். மற்றப் பக்கம் அன்றைக்கே ஆரம்பிக்கலாம்.

அவள் உடனே தம்பியைப் பாலம் தாண்டி அனுப்பினாள். "உன் பொண்டாட்டிகிட்டப் போய் சொல்லு, நீ அவ வீட்டுல இல்லன்னு சொல்லச் சொல்லி."

"ஆமா," என்று போனான். மறுநாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். "அவளும் அதையேதான் உன்னைச் சொல்லச் சொல்றா."

"திமிரப் பாத்தியா! பெத்தவளாட்டம் வளர்த்தது நான்."

"கட்டிக்கிட்டவ அவளாம்."

இப்படியே வீம்பில் நாட்கள் கழிந்தன. அவன் மறுபடி இரும ஆரம்பித்தான். வாசலில் நின்று வழக்கம்போல் வாயைத் திறப்பான். கொடுக்க அவள் கையில் ஒன்றும் இருக்காது. பை நிறைய மாத்திரை இருக்கும், அவனுக்குத்தான் இருக்காது. ஒருநாள் திருட்டுத்தனமாக எடுத்துக் கொடுத்துவிடலாமா என்றுகூட விரல் உள்ளே போனது. எந்த மருந்தை எந்த அளவில் முதலில் கொடுப்பது என்று ரத்தம் பார்க்காமல் யார் சொல்வது? மஞ்சள் கண் நினைவுக்கு வர, விரலை வெளியே இழுத்துக்கொண்டாள்.

மாநாட்டு நாள் வந்தது. பாலத்தின் குறுக்கே பெரிய துணி கட்டியிருந்தார்கள்: 'காசநோய்க்கு எல்லை இல்லை.' விருந்தினர்கள் வருவதால் கேட்டை மூடிவிட்டார்கள். நோய்க்கு இல்லாத எல்லை நோயாளிக்கு இருந்தது.

இரு நாட்டுப் பணியாளர்களையும் ஒரே நிறச் சேலையில், கையில் பூங்கொத்தோடு பாலத்தின் நடுவில் எதிரெதிராக நிறுத்தினார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. அவளுக்கு எதிரே குட்டையாக, மூக்குக் கண்ணாடியை நூலால் கட்டிய ஒருத்தி நின்றாள். அவளும் வியர்வையில் நனைந்து, யாரையோ முணுமுணுவென்று திட்டிக்கொண்டிருந்தாள். இவளுக்கு அந்த முணுமுணுப்பு பிடித்துப்போயிற்று.

"எந்த ஏரியா நீங்க?"

"பாலத்தடி, சந்தைத் தெரு. நீங்க?"

"இந்தப் பக்கம், கிடங்கு வரிசை."

நூல் கண்ணாடிக்காரி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "கிடங்கா? எதுக்கும் ஆமா சொல்ற ஒரு பையன்..."

"என் தம்பி."

"நீங்கதானா அந்தக் காலை மாத்திரை!"

"நீங்கதானா அந்தச் சாயங்கால மாத்திரை!"

இரண்டு பேருக்கும் சிரிப்பதா அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. "எவ்வளவு சமத்தா நாக்கைத் தூக்கிக் காட்டுவான் தெரியுமா! என் ஆளுங்கள்லயே அவன்தான் உத்தமன்னு நெனச்சேன்" என்றாள் எதிர்க்கரைக்காரி.

"நானும்தான்."

"எங்க டாக்டர் அவனைப் படுக்க வெச்சே மருந்து ஆரம்பிக்கிறேன்னு சொல்றாரு. கட்டில்கூட இருக்கு. உங்க பக்கத்துப் பேரு போகணும், அவ்வளவுதான். அவன் பொண்டாட்டி தினமும் வந்து என் வாசல்ல உக்காந்து அழறா. வீட்டுல இல்லன்னு மட்டும் சொல்ல மாட்டேங்கிறா. பொய் சொல்லச் சொல்றீங்களேன்னு கேக்கறா. அங்க பாருங்க, அவளும் வந்திருக்கா."

அவள் காட்டிய பக்கம் இவள் பார்த்தாள். எதிர்க்கரைக் கேட்டுக்கு வெளியே வேலைக்குப் போக முடியாமல் நின்ற கூட்டத்தில் தம்பி இருந்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு இருமினான். உடம்பே இரண்டாக மடிந்தது. பக்கத்தில் அவன் மனைவி. ஒரு கையால் அவன் முதுகைத் தடவி, மறுகையில் இருந்த துண்டால் அவன் வாயைத் துடைத்து, துண்டைப் பிரித்துப் பார்த்தாள். சிவப்பு இருக்கிறதா என்று பார்க்கிறாள். அந்தப் பார்வையை இவளுக்குத் தெரியும். அம்மாவின் துண்டை இவளும் அப்படித்தான் பிரித்துப் பார்த்திருக்கிறாள்.

இது அதே பாலம். அதே வெயில். அன்றைக்குக் கேட்டுக்கு வெளியே நின்றது இவள், இன்றைக்கு அவன்.

மேடையில் யாரோ கைகோப்போம், கரம் கோப்போம் என்று பேசிக்கொண்டிருந்தார். இவளுடைய அதிகாரியும் எதிர்க்கரை அதிகாரியும் படத்துக்கு நின்றார்கள். அவள் வரிசையை விட்டு விலகி, பூங்கொத்தோடு நேரே அவர்கள் முன்னால் போய் நின்றாள்.

"சார், என் தம்பி என் வீட்டுல இல்ல."

"மா, படம் எடுக்கறாங்க..."

"எடுக்கட்டும். அவன் என் வீட்டுல இல்ல சார். கல்யாணம் ஆன நாள்லேருந்து இல்ல. நான்தான் இருக்கான்னு சொன்னேன். தப்பு என்னோடது." பூங்கொத்தால் எதிர்க்கரையைக் காட்டினாள். "அவன் இருக்கறது அவன் பொண்டாட்டி வீட்டுல. அந்தப் பக்கம். அவன் பேரை வெட்டுங்க. இப்பவே. அந்தப் பக்கத்து சாரும் இங்கயே இருக்காரே!"

எதிர்க்கரை அதிகாரி இவளுடைய அதிகாரியைப் பார்த்தார். அவர் இவரைப் பார்த்தார். குழு, தீர்மானம் என்று ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள். நூல் கண்ணாடிக்காரியும் வந்து பக்கத்தில் நின்றுகொண்டாள். "கட்டில் காலியா இருக்கு சார். சாயங்காலம் வரைக்கும்தான் வெச்சிருப்பாங்க." இரண்டு பெண்கள் பூங்கொத்தோடு வழியை மறித்து நிற்க, பின்னால் விருந்தினர்கள் வெயிலில் வாட, அங்கேயே இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். படக்காரர் அதையும் படம் எடுத்தார். பிறகு வந்த மாநாட்டு மலரில் அதன் கீழே 'இரு நாட்டு நல்லுறவு' என்று போட்டிருந்தார்கள்.

கேட்டின் இந்தப் பக்கம் நின்றே அவள் தம்பி மனைவியிடம் பேசினாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு முதல் பேச்சு.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. பேரை வெட்டியாச்சு."

"அண்ணி..." அவள் அழத் தொடங்கினாள்.

"அழறதுக்கு நேரமில்ல. இங்க பாரு, முழுங்கினதும் நாக்கைத் தூக்கச் சொல்லு. இடது கன்னத்தைப் பாரு. ஆமான்னு சொன்னா நம்பாத."

"ஆமா அண்ணி," என்றாள் அவள். இவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. இன்னொரு ஆமாஞ்சாமி!

சில மாதங்களுக்குப் பிறகு தம்பி கிடங்குக்குத் திரும்பினான். தினமும் காலையில் அக்கா வாசலில் நின்றுவிட்டுத்தான் போகிறான். அவள் கொடுக்க வேண்டியது எதுவும் இல்லை. ஆனாலும் அவன் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுகிறான். அவளும் குனிந்து, இரண்டு பக்கமும் பார்க்கிறாள்.

"முழுங்கினியா?"

"ஆமா."

"சாப்பிட்டியா?"

"ஆமா."

"பொய் சொல்றியா?"

"ஆமா."

"உள்ள வந்து சாப்பிட்டுத் தொலை," என்று அவள் கதவைத் திறந்து விடுகிறாள்.