கரப்பான் தின்ற மைதாப் பசை

என்னோடு முழங்கால் போடுகிறவர்களே, இந்தச் சாட்சியை நான் நாற்றத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். என் வீட்டுக்காரருடைய இடது கால் நாறியது. சீன யுத்தத்தில் பனிமலையில் காவல் நின்றபோது இரண்டு விரல் போய்விட்டது. பட்டாளத்தில் புண்ணை ஆற்றித்தான் அனுப்பினார்கள். பென்ஷன் கிடையாது. தாராவிக்கு வந்து தோல் பதனிடும் ஷெட்டில் சுண்ணாம்புத் தண்ணீருக்குள் நின்று வேலை பார்த்தார். மூன்று வருஷம் கழித்து, ஒரு மழைக்காலத்தில் புண் மறுபடி வாய் திறந்தது.

டாக்டர் பத்து ஊசி எழுதினார். முழுதும் போடாவிட்டால் கணுக்காலோடு எடுக்க வேண்டி வரும் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். மாட்டுங்கா மருந்துக் கடையில் விலையைக் கேட்டதும் முந்தானைக் காசை எண்ணிப் பார்த்தேன். நான்கு ஊசி வாங்கினேன். "டாக்டர் அவ்வளவுதான் எழுதியிருக்காவ" என்று வீட்டில் பொய் சொன்னேன். சீ! அதைவிடக் கேவலம் ஒன்று செய்தேன். நாற்றம் தாங்காமல், சாப்பிடும்போது அவரை வாசல் பக்கம் உட்காரச் சொன்னேன். தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

யுத்தத்தில் பட்ட காயத்துக்கு ராணுவ ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம் என்று ஷெட்டில் யாரோ சொன்னார்கள். எங்களிடம் இருந்தது பட்டாளத்திலிருந்து விடுவித்த சீட்டு ஒன்றுதான். இங்கிலீஷ் இரண்டு பேருக்கும் படிக்கத் தெரியாது. சிங்க முத்திரை அழகாக இருக்கிறதே என்று, தாராவிக்கு வந்த வாரமே அதை மைதாப் பசையால் அட்டையில் ஒட்டி, கண்ணாடி போட்டு, சுவரில் மாட்டியிருந்தோம். தினமும் குடும்ப ஜெபம் அதன் கீழேதான்.

கண்ணாடியும் சட்டமுமாக அப்படியே தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம். ஆஸ்பத்திரி கிளார்க் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டான். "இஸ்மே பாவ் கா குச் நஹீ ஹை. சலோ, ஹட்டோ!" என்றான். காலைப் பற்றி அதில் ஒன்றுமில்லையாம், நாங்கள் நகர வேண்டுமாம். பனியில் நின்ற காலைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறானே! அவன் மேஜையிலேயே காறித் துப்பலாம் போலிருந்தது. பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது. நானும் அதைத்தானே செய்தேன்?

அன்று சாயங்காலம் ஒழுங்காக ஜெபிக்க வரவில்லை. சண்டைதான் போட்டேன். "ஆண்டவரே, இந்தக் காலு உம்ம கண்ணுல படுதா இல்லியா? உமக்கும் நாறுதோ?"

"ஏளா, சாமிட்ட இப்பிடியா பேசுவாவ?" என்றார் அவர்.

அப்போது சட்டத்தின் பின்னாலிருந்து ஒரு கரப்பான் ஊர்ந்து வந்தது. பின்னாலேயே இன்னும் இரண்டு. "சவம், ஜெபிக்கவும் விடாதா!" என்று செருப்பை எடுத்து ஓங்கி அடித்தேன். சட்டம் கீழே விழுந்து கண்ணாடி நொறுங்கியது. உள்ளே கூட்டம் கூட்டமாகக் கரப்பான்! மழை ஈரத்தில் பசை முழுவதையும் தின்று தீர்த்திருந்தன. சீட்டு தனியாகக் கழன்று குப்புறக் கிடந்தது. அதன் பின்பக்கத்தில் டைப் அடித்த வரிகள் இருந்தன.

போதகர் ஐயாவிடம் ஓடினேன். அவர் படித்துச் சொன்னார். இடது கால், காவல் பணியில் பனியால் வந்த காயம், அதற்கு மட்டும் ராணுவ ஆஸ்பத்திரியில் சிகிச்சையும் மருந்தும் இலவசம்.

"இதையா ஒட்டி மறைச்சு வச்சீங்க?" என்று கேட்டார்.

மறுநாள் அதே கிளார்க் பின்பக்கத்தைப் படித்துவிட்டு முத்திரை குத்தினான். பத்து ஊசியும் போட்டார்கள். கால் பிழைத்தது.

புண் ஆறுகிறபோது அவரிடம் பொய்யை ஒப்புக்கொண்டேன். "தெரியும்ளா" என்றார். "இங்கிலீசுதான் தெரியாது. டாக்டர் சீட்டுல பத்துன்னு நம்பர் போட்டிருந்துச்சே, அதுகூடவா தெரியாது?" நான் தேம்பித் தேம்பி அழுதேன்.

பட்டாளத்திலிருந்து வந்த சகோதரர்களே, சுவரில் மாட்டிய சீட்டை இன்றைக்கே இறக்குங்கள். இரண்டு பக்கத்தையும் யாரையாவது படிக்கச் சொல்லுங்கள். ஜெபம் அழகாக வராவிட்டால் கோபமாகவே ஜெபியுங்கள், ஆண்டவர் கேட்கிறார். எனக்குக் கரப்பானை அனுப்பினார், நான் செருப்பால் அடித்தேன்.

இப்போது சீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. சுவரில் வெறும் ஆணிதான். அதன் கீழே நான் முழங்கால் போடுகிறேன், என் வீட்டுக்காரர் காலை நீட்டி உட்காருகிறார். ஜெபம் முடிந்ததும் இரண்டு தட்டையும் அங்கேயே சேர்த்து வைக்கிறேன்.