படியேறாத சேலை

காசியம்மாள் அக்கா இறந்தபோது நான் சேலத்தில் கல்லூரித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன். தகவல் வந்து, பஸ் பிடித்து, பாலக்கோட்டில் இறங்கி நடந்து ஊர் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வாசலைக் கழுவி விட்டிருந்தார்கள். எனக்குச் சோறு போட்டார்கள். சாப்பிட்டேன்.

அக்காவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பென்னாகரத்துக்கு அந்தப் பக்கம், காட்டோரத்தில் பிறந்தாள். எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலமும் ஆடுகளும் இருந்தன. ஆடு மேய்த்தாள், ராகி அறுத்தாள், களி கிண்டினாள். பள்ளிக்கூடம் போனதில்லை. யாரிடமும் அதிகம் பேசமாட்டாள். பேசினால் பெரும்பாலும் எதையாவது கேட்பதற்காகத்தான் பேசுவாள். இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது அவளைப் பாலக்கோட்டுப் பக்கம் மாதேஸ்வரன் மாமாவுக்கு இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொடுத்தார்கள். மாமாவின் முதல் மனைவி சின்னபொண்ணு காய்ச்சலில் இறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கைக்குழந்தை இருந்தது. குழந்தையைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்பதுதான் அந்தக் கல்யாணத்துக்குக் காரணம். அதை யாரும் மறைக்கவில்லை.

தாலி கட்டிய அன்றைக்கே குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டார்கள். பழனியம்மாள் என்று பெயர். இன்னும் பல் முளைக்கவில்லை.

அந்த வருஷம் நடந்ததைத்தான் எழுதப் போகிறேன். பாதி அக்கா சொன்னது. மீதி, வண்ணார் வீட்டு நஞ்சம்மாள் சொன்னது.

குழந்தைக்குத் தொடை இடுக்கிலும் பின்புறத்திலும் முதலில் சிவந்தது. பிறகு தோல் உரிந்தது. பிறகு புண்ணாகி நீர் கசிந்தது. ஆட்டுப்பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு ஓயாமல் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை நனைந்தபோதும் குழந்தை கத்தியது. கழுவும்போது அதைவிட அதிகமாகக் கத்தியது. தூளியில் போட்டால் துணி உரசிக் கத்தியது. கொஞ்ச நாளில் கத்துவதற்குத் தெம்பில்லாமல் முனக ஆரம்பித்தது. கத்தியதைவிட அந்த முனகல்தான் கேட்க முடியவில்லை என்று அக்கா சொன்னாள்.

வீட்டில் மெத்தென்ற துணி இல்லை. அது துணிக்குப் பஞ்சமான காலம். ஊருக்கு வந்ததெல்லாம் சர்க்கார் அளந்து கொடுத்த கண்ட்ரோல் துணிதான், தடித்த காடா. கஞ்சி போகத் துவைத்தாலும் காய்ந்ததும் சாக்கு மாதிரி விறைத்துக்கொள்ளும். அக்கா கொண்டுவந்திருந்த பழைய சேலை ஒன்றே ஒன்று. அதைக் கிழித்துவிட்டாள், தினமும் துவைத்து அது நைந்து போயிருந்தது. மாமாவின் வேட்டிகள் மாட்டோடு மாடாக உழைத்துக் கறுத்தவை. சின்னபொண்ணுவின் சேலைகள் இருந்திருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. இறந்தவர் உடம்பில் இருந்த துணியும் படுத்திருந்த துணியும் வண்ணார் வீட்டுக்குப் போவது வழக்கம். மாமா அன்றைக்கு இருந்த நிலையில் பெட்டியைத் திறந்து, மடித்து வைத்திருந்த சேலைகளையும் சேர்த்து மூட்டையாகக் கட்டிக் கொடுத்துவிட்டார். அப்படிப் போன துணி திரும்ப வீட்டுப் படி ஏறக் கூடாது.

ஆனி மாதத்தில் ஒருநாள் சின்னபொண்ணுவின் அண்ணன் குழந்தையைப் பார்க்க வந்தார். பெரியண்ணன் என்பது அவர் பெயர். வெல்லமும் ஒரு மூட்டை சோளமும் கொண்டுவந்தார். குழந்தையைத் தூக்கியதும் அது வீறிட்டது. துணியை விலக்கிப் பார்த்தார்.

"ஏம்மா, என்ன இது?"

"புண்ணுங்கண்ணா."

"அது எனக்கே தெரியுது. ஏன் வந்துச்சின்னு கேட்டேன்."

"துணி ஒரசுதுங்க. பாலும் ஒத்துக்கல, வவுறு நிக்காம போவுது."

"என் தங்கச்சி இருந்தவரைக்கும் ஒரசலையே."

மாமாதான் வாயைத் திறந்தார்.

"கொழந்தன்னா அப்பிடி இப்பிடி வரத்தான் செய்யும், மச்சான்."

"நீ சும்மா இரு மாப்ள. மாட்டுக்கு வந்தா ஒனக்குத் தெரியும். மனுசனுக்கு வந்தா எங்க தெரியப் போவுது?"

சோறு வேண்டாம் என்றுவிட்டு எழுந்தார். போகும்போது வாசலில் நின்று சொன்னார். "ஆவணி பொறந்ததும் காது குத்தறோம். எம் மடியில ஒக்கார வெச்சித்தான் குத்தணும். புள்ள மடியில ஒக்காரலன்னா அப்பிடியே தூக்கிக்கிட்டுப் போயிடுவேன். எம் பொண்டாட்டி வளத்துக்குவா. அப்புறம் யாரும் வந்து கேக்கக் கூடாது."

தாய்மாமன் அப்படிச் சொன்னால் எதிர்த்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

குழந்தை மேல் உனக்கு அப்போதே பாசம் இருந்ததா என்று நான் அக்காவிடம் கேட்டிருக்கிறேன். "தெரியல" என்றாள். பிறகு, "என்னக் கூட்டியாந்ததே அதுக்குத்தான? அது போயிட்டா அந்த வூட்ல நான் யாரு?" என்றாள்.

பக்கத்து வீட்டில் மாமாவின் அண்ணி சென்னம்மாள் இருந்தாள். மாமாவின் அண்ணன் இறந்த பிறகு இரண்டு வீட்டுக்கும் அவள் சொல்வதுதான் சட்டம். அவள் வந்து புண்ணைப் பார்த்தாள்.

"இது ஒரசல் இல்லடி. அக்கி. கொசவன்கிட்ட எழுதினா தன்னால எறங்கிடும்."

அக்கி என்றால் குயவர் வீட்டுக்குத்தான் போவார்கள். காவியைக் குழைத்து, கொப்புளத்தைச் சுற்றிக் கோடு போட்டு, அதில் சிங்கம் எழுதுவார். எழுதிய இடத்தில் தண்ணீர் படக் கூடாது. காய்ந்து தானாக உதிர வேண்டும். குயவர் குழந்தையைப் பார்த்துவிட்டுத் தயங்கினாராம்.

"இந்த எடத்துல நான் எழுதுனதில்லயே ஆத்தா."

"அக்கிக்கு எடம் தெரியுமா? எழுதுப்பா" என்றாள் சென்னம்மாள்.

எழுதினார். தொடை இடுக்கில் சிங்கத்துக்கு இடம் போதவில்லை. வாலை முதுகுப் பக்கம் இழுத்துவிட்டார். தண்ணீர் படக் கூடாது என்று பெரியவர்களுக்குத் தெரியும். குழந்தைக்குத் தெரியாது. வீடு வந்து சேர்வதற்கு முன்பே நனைத்துவிட்டது. கழுவக் கூடாது என்றதால் அக்கா கழுவவில்லை. காவி நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து, மடிப்புக்குள் ஓடு மாதிரி இறுகியது. குழந்தை காலை ஆட்டும்போதெல்லாம் அது வெடித்தது. அதோடு தோலும் வெடித்தது. மறுநாள் ரத்தம் கசிந்தது.

அக்கா கதவைச் சாத்திக்கொண்டாள். விளக்கெண்ணெயை வெதுவெதுப்பாக்கி, பஞ்சில் தொட்டு, ஓடு இளகும்வரை வைத்து வைத்து எடுத்தாள். பிறகு வெந்நீர் ஆறியதும் ஊற்றிக் கழுவினாள். முழுக் காலைப்பொழுதும் அதற்கே சரியாகப் போயிற்று. சிங்கம் போய்விட்டது. புண் முன்பைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

"அக்கிய அழிச்ச பொம்பள இந்த ஊர்ல நீ ஒருத்திதாண்டி" என்றாள் சென்னம்மாள். "மூத்தவ புள்ளன்னா அவ்ளோதான்."

அடுத்த நாள் அழுக்கெடுக்க நஞ்சம்மாள் வந்தாள். இடுப்பில் அவள் பையன். அவனும் அப்போது கைக்குழந்தைதான். அவன் இடுப்பில் வெளிறிப்போன கத்தரிப்பூ நிறத்தில் ஒரு துணி சுற்றியிருந்தது. அக்கா அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு பையனின் தொடையை விலக்கிப் பார்த்தாள். கருகருவென்று சுத்தமாக இருந்தது.

"இந்தத் துணி எங்க கெடச்சிது?"

நஞ்சம்மாள் அழுக்கை மூட்டை கட்டிக்கொண்டே சொன்னாள். "எங்க கெடைக்கும்? இந்த வூட்டுதுதாங்க."

"இந்த வூட்டுதா?"

"மூத்தம்மாதுங்க. அன்னிக்கு அய்யா மூட்டையா கட்டிக் குடுத்துட்டாரே. பொட்டிச் சேல எல்லாம் அதுலதான் இருந்துது." சொன்ன பிறகுதான் ஏன் கேட்கிறாள் என்று புரிந்தது. "வேணாங்கம்மா. கேக்காதீங்க. குடுத்தா எங்க வூட்டுக்காரரு என்னையே தொவைக்கற கல்லுல அடிச்சிடுவாரு."

"வெல குடுத்து வாங்கிக்கறேன்."

"வெலைக்கும் ஆவாதுங்க. போன துணி வூட்டுக்குள்ள வந்தா பின்னாலயே சாவும் வரும்னு சொல்லுவாங்க. புள்ளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா என் தலைலதான் விடியும்."

"வூட்டுக்குள்ளதான வரக்கூடாது?"

"ஆமாங்க."

"வெளிய?"

நஞ்சம்மாள் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "வெளியன்னா அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்லி வெக்கலீங்களே."

மறுநாளிலிருந்து அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரையில் வண்ணார் துவைக்கும் இடத்துக்குப் போனாள். மாமா கேட்கவில்லை. அவர் எதையும் கேட்கிற நிலையில் இல்லை; உழுதார், வந்தார், படுத்தார். துறைக்கு மேலே ஒரு புங்கமரம். நஞ்சம்மாள் சின்னபொண்ணுவின் சேலை ஒன்றை நாலாக மடித்து நிழலில் விரித்துப் போடுவாள். அக்கா குழந்தையைத் துணியில்லாமல் அதன் மேல் குப்புறப் போடுவாள். நனைந்தால் அந்த மடிப்பை உள்ளே தள்ளி வேறு மடிப்பை மேலே கொண்டுவருவாள். குழந்தையைத் தூக்கியதும் நஞ்சம்மாள் சேலையை ஏரியில் அலசி வெயிலில் போட்டுவிடுவாள். அக்கா பானையில் எடுத்துப்போன ஆறின வெந்நீரை ஊற்றிக் கழுவி, துடைக்காமல் காற்றில் உலர விட்டு, விளக்கெண்ணெயை மெல்லிசாகத் தடவுவாள். வேறு எதுவும் போடவில்லை. மஞ்சள் போடச் சொன்னார்கள்; போட்டால் எரியும் என்று போடவில்லை. ஆட்டுப்பாலில் பாதிக்குத் தண்ணீர் கலந்தாள், ராகியை அரைத்துப் பிழிந்த பாலைக் காய்ச்சிக் கொடுத்தாள். வயிறு மெல்ல நின்றது.

முதல் தடவை அந்தச் சேலையில் போட்டபோது குழந்தை தூங்கிவிட்டது. அக்காவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லையாம். குழந்தை மூச்சு விடுகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்திருக்கிறாள்.

"தூங்குதுங்க. தூங்கற புள்ளைய என்னாத்துக்கு எழுப்பறீங்க?" என்றாள் நஞ்சம்மாள்.

"இது தூங்கி நான் பாத்ததில்ல."

வீட்டுக்குத் திரும்பும்போது சேலையை அங்கேயே விட்டுவிடுவாள். ராத்திரிக்குக் காடாத் துணிதான். ஆனால் பகல் முழுக்கக் காற்று பட்டதால் புண் உலர ஆரம்பித்தது. ஓரங்களில் புதுத் தோல் வந்தது.

இதெல்லாம் சென்னம்மாளுக்குத் தெரியாமல் இருக்குமா? தண்ணீருக்குப் போனவர்கள் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். ஒருநாள் வழியில் நிறுத்தினாள்.

"எங்கடி போற, வண்ணாந்தொறைக்கா?"

"ஆமாங்க்கா."

"எதும்மேல போடற புள்ளைய?"

அக்கா குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு நடக்கப் பார்த்தாள். சென்னம்மாள் விடவில்லை.

"செத்தவ சேலைல போடற. எனக்குத் தெரியும். பெத்தவ வந்து கூட்டிக்கிட்டுப் போவட்டும்னுதான போடற? பெரியண்ணனுக்கு ஆள் அனுப்பிச்சாச்சி. வந்து கேக்கட்டும்."

ஆவணி பிறக்கவில்லை, ஆடி நடுவிலேயே பெரியண்ணன் வந்துவிட்டார். வீட்டுக்குப் போகாமல் நேராக ஏரிக்கரைக்கு வந்தார். கூடவே சென்னம்மாளும் வந்து கரை மேலே நின்றுகொண்டாள். நஞ்சம்மாள் அவரைப் பார்த்ததும் கல்லில் அடிப்பதை நிறுத்திவிட்டாள். அக்கா எழுந்து நின்றாள். குழந்தை சேலை மேல் குப்புறக் கிடந்து புங்க இலை ஒன்றை வாயில் வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் செருப்பைக் கழற்றினார். சேலையின் ஓரத்தைக் குனிந்து தூக்கிப் பார்த்தார்.

"தலப்பொங்கலுக்கு நான் எடுத்துக் குடுத்தது."

"எனக்குத் தெரியாதுங்கண்ணா."

"செத்த வூட்ல குடுத்த துணி."

"பொட்டில மடிச்சி இருந்ததாம். அவங்க மேல கெடந்தது இல்ல. அதத் தனியாக் கேட்டுட்டுத்தான் போட்டேன். வூட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போவலைங்க. இங்கயே வெச்சிட்டுப் போவேன்."

"சகுனம் பாக்கலயா நீ?"

"பாத்ததாலதாங்க இங்க வந்தேன். இல்லன்னா வூட்லயே போட்டிருப்பேன்."

அக்கா அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் நஞ்சம்மாள் அப்படியேதான் சொன்னாள், ஒருமுறைக்கு இருமுறை.

பெரியண்ணன் அந்தச் சேலையின் மேலேயே உட்கார்ந்தார். குழந்தையைத் தூக்கிக் காலை விலக்கிப் பார்த்தார். புண் இருந்த இடம் வெளிறி, மெல்லிய புதுத் தோலாக இருந்தது. ஒரு மடிப்பில் மட்டும் இன்னும் கொஞ்சம் சிவப்பு. அதைக் கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பார்த்தார். குழந்தை அழவில்லை. அவர் முகத்தையே பார்த்தது. மடியில் உட்கார வைத்தார். உட்கார்ந்தது. சிறிது நேரத்தில் அவர் வேட்டி நனைந்தது.

கரை மேலிருந்து சென்னம்மாள் கேட்டாள். "என்ன பெரியண்ணா, கூட்டிக்கிட்டுப் போறயா?"

அவர் திரும்பவில்லை. "ஆவணில இங்கயே காது குத்திக்கலாம்" என்றார். "புள்ள இங்கயே இருக்கட்டும்."

"செத்தவ சேலைலயா?"

"எந்தங்கச்சி சேலம்மா அது. எடுத்துக் குடுத்தவன் நான். நான் சொல்றேன், போடட்டும்."

சென்னம்மாள் திரும்பிப் போனாள். அவர் எழுந்திருக்கவில்லை. வெயில் நகர்ந்து காலில் விழுந்தபோதும் நனைந்த வேட்டியோடு அப்படியே இருந்தார். குழந்தை அவர் மடியில் தூங்கிவிட்டது.

அக்கா கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றிருக்கிறாள். நஞ்சம்மாள் தண்ணீரிலிருந்து ஒரு பெரிய ஜமுக்காளத்தை இழுத்துத் தூக்க முடியாமல், "அம்மா, அந்த முனையக் கொஞ்சம் புடிங்க" என்றாள். அக்கா முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கிப் பிழிந்தார்கள்.